துரியோதனன் கண்ணில் பட்ட குச்சி

இந்த மாதத்தோடு நான் கண் பரிசோதகராக இருக்கும் பிச்சாட்டூர் கண் மையத்தை விட்டுத் திருப்பதிக்குப் போகிறேன். பெரிய ஆஸ்பத்திரியில், உங்களைப் போலப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. போவதற்கு முன் ஆறு வருட அனுபவத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று மேலே கேட்டார்கள். இப்படியெல்லாம் எழுதுவது தலை நரைத்தவர்கள் செய்கிற காரியம். எனக்கு இருபத்தொன்பது. ஆனாலும் கேட்டதும் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான்.

என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், மாந்தோப்பில் கூலி வேலை செய்கிறவர். நான் வேலையில் சேர்ந்த வாரம், மையத்தின் வாசலில் என் பெயரைத் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதி மாட்டினார்கள். நைனா வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் பலகையைப் பார்த்தார்.

"தமிழ்ல எங்க?" என்றார்.

"எதுல எழுதினாலும் உனக்குப் படிக்கத் தெரியாதே நைனா."

"எனக்குத் தெரியாட்டி இன்னா? போறவன் வர்றவன் படிச்சிக்கினு போவான் இல்ல."

மறுநாள் அவரே ஒரு பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. உங்களில் யார் பிச்சாட்டூருக்கு வந்தாலும், பெயரை மாற்றும்போது மூன்று மொழியிலும் மாற்றச் சொல்லுங்கள்.

கருவியை எப்படிப் பிடிப்பது, கண்ணாடிக்கு நம்பர் எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவோம். நான் எழுத நினைப்பது பிள்ளைகளின் கண்ணில் படுகிற அடியைப் பற்றி. அதிலும் சுகன்யா என்கிற ஒரு பெண்ணின் வலது கண்ணைப் பற்றி. அந்தக் கண் போயிருந்தால் அதில் பாதிப் பங்கு என்னுடையது.

எங்கள் பக்கத்து ஊர்களில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். பதினெட்டு நாள். பகலில் ஒருவர் கதை படிப்பார், இருட்டியதும் கூத்து. பள்ளிக்கூடம் லீவு. இரவு மேடையில் அர்ச்சுனன் விட்ட அம்பை விடிந்ததும் பிள்ளைகள் தெருவில் விட ஆரம்பிப்பார்கள். மூங்கில் பிளாச்சில் வில், துடைப்பக்குச்சியில் அம்பு. கெட்டிக்காரப் பிள்ளைகள் நுனியில் வேலிமுள் ஒன்றையும் சேர்த்துக் கட்டுவார்கள். நான் வேலைக்கு வந்த முதல் இரண்டு கோடையிலும் பாரதம் நடந்த ஊர்களிலிருந்து குச்சி பட்ட கண்கள் வந்தன. ஒரு பிள்ளைக்குப் பார்வை திரும்பவே இல்லை.

மூன்றாவது கோடையில் நான் ஒரு முடிவெடுத்தேன். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் கொடி ஏற்றிய மறுநாளே, ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கட்டிலுக்கு அடியில், கூரைச் செருகலில், மாட்டுக் கொட்டகையில் என்று தேடித் தேடி நாற்பத்து மூன்று வில்களைப் பிடுங்கினேன். பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இனிமே யாரு கையிலயாவது வில்லைப் பார்த்தேன், நேரா போலீசுதான்" என்று சும்மா ஒரு மிரட்டலும் போட்டேன். வில்களை அரிசிச் சாக்கில் கட்டி, சாக்குக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, எங்கள் ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். நிறையக் கைத்தட்டல் படங்கள் வந்தன. அன்றைக்கு முழுவதும் அந்தப் போட்டோவை நானே பத்துத் தடவை எடுத்துப் பார்த்திருப்பேன்.

ஒன்பதாம் நாள் காலையில் சுகன்யாவை அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தாள். சுகன்யாவுக்கு அப்போது ஒன்பது வயது. வலது கண் நன்றாகச் சிவந்து பாதி மூடியிருந்தது.

"மெட்ராஸ் ஐ மா," என்றாள் அம்மா. "தெருவுல பாதிப் பேருக்கு இருக்குது. எதிர் வூட்டுல புள்ள பெத்தவ கிட்ட கேட்டு ரெண்டு சொட்டு பால் வுட்டேன். கேக்கல. சொட்டு மருந்து குடுத்தியானா நான் வேலைக்குப் போவேன். களை எடுக்கக் கூப்ட்டுக்கினு இருக்காங்க."

அந்த வாரம் தெருவில் பாதிப் பேருக்குக் கண்வலி இருந்தது உண்மை. அன்று காலையில் மட்டும் ஆறு பேருக்கு மருந்து கொடுத்திருந்தேன். வாசலில் இன்னும் எட்டுப் பேர் நின்றார்கள். ஏழாவது பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் இவளுக்கு ஒரு கண் மட்டும் சிவந்திருந்தது. பீளையும் இல்லை, தண்ணீராகவே வழிந்தது.

"குச்சி ஏதாவது பட்டுதா?"

சுகன்யா தலையை ஆட்டினாள். இல்லை.

"யாரு அடிச்சா? சொல்லு."

இல்லை.

"பொய் சொல்லாத. யாரு அடிச்சா?"

மூன்று தடவை கேட்டேன். மூன்றாம் தடவை அவள் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யார்னு சொல்லுடி, போய் அவுங்க வூட்டு வாசல்ல நின்னு கேக்குறேன்" என்று பெண்ணின் முதுகில் ஒன்று வைக்கக் கையை ஓங்கினாள். நான் நடுவில் புகுந்து அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் மருந்துப் பாட்டில் கீழே விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டது. அதை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது என் முகம் சுகன்யாவின் முகத்துக்கு நேராக இருந்தது. டார்ச்சை ஓரமாகப் பிடித்தேன்.

கறுப்பு விழியின் நடுவில் உள்ள கண் பாப்பா வட்டமாக இல்லை. கண்ணீர்த் துளி மாதிரி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

பயிற்சியில் இதைப் படத்தில் பார்ப்பீர்கள். விழியில் ஓட்டை விழுந்து, உள்ளே இருப்பது வந்து அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அந்தக் கண்ணைக் கழுவக் கூடாது, அழுத்தக் கூடாது, மருந்து விடக் கூடாது, பஞ்சு வைத்துக் கட்டவும் கூடாது. நான் செய்ய இருந்தது என்ன என்று நினைத்துப் பார்த்தேன். இமையை இழுத்துப் பிடித்துச் சொட்டு மருந்தை விட்டு, கண்ணை மூடித் தேய்க்கச் சொல்லி, களை எடுக்க அனுப்ப இருந்தேன்.

திருப்பதிக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த டாக்டரம்மா ரெண்டே கேள்விதான் கேட்டார்கள். "ஏமி தகிலிந்தி? எப்புடு?" எது பட்டது, எப்போது பட்டது. கம்பியா குச்சியா, இன்றைக்கா நேற்றைக்கா என்று தெரிந்தால்தான் எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு இரண்டும் தெரியாது. அவ்வளவு நேரமும் நான் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுகன்யாவின் அம்மாவை டீக்கடைக்குப் போய் ஒரு பேப்பர் கப் வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். கப் நிஜமாகவே தேவைப்பட்டது. அவள் வெளியே போவதும் தேவைப்பட்டது. பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

"பாரதம் ஆடினீங்களா?"

சுகன்யா வாசல் பக்கம் பார்த்தாள்.

"நீ யாரு, அர்ச்சுனனா?"

"இல்ல. துரியோதனன்" என்றாள். சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி ராஜா. அர்ச்சுனன் யாருன்னு நான் கேக்க மாட்டேன். உன் அம்மா கேட்டாலும் சொல்ல வேணாம். எது பட்டுது, எப்போ பட்டுது, அது மட்டும் சொல்லு."

"நெஜமா கேக்க மாட்டியா?"

"சத்தியமா."

"போலீசு?"

"போலீசுகிட்ட நான் பேசிக்கிறேன்."

"தொடப்பக்குச்சி. முள்ளு கட்டினது. நேத்து காலைல." பிறகு அவளாகவே சொன்னாள். "நீ எல்லா வில்லையும் எடுத்துக்கினு பூட்டியா, ஏரிக்கரைல ஒளிஞ்சிக்கினு புதுசு செஞ்சி ஆடினோம். அங்க பெரியவங்க யாரும் வர மாட்டாங்க."

நேற்றுக் காலையில் அடிபட்ட பிள்ளை ஒரு பகலும் ஒரு இரவும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது. தெருவில் ஆடியிருந்தால் யாராவது ஒரு பெரியவர் பார்த்திருப்பார். நான் பிடுங்கியது வில்லை மட்டும் இல்லை, பிள்ளைகள் மேல் இருந்த அந்தப் பெரியவர்களின் கண்ணையும்தான்.

கப்பின் அடிப்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து, கண்ணில் படாமல் சுற்றியுள்ள எலும்பில் மட்டும் உட்காரும்படி வைத்து பிளாஸ்டர் ஒட்டினேன். ஊர் ஆட்டோ ஒன்றைப் பிடித்தோம். புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு ஒன்றரை மணி நேரம். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பார்கள், வயிறு காலியாக இருக்க வேண்டும். அது ஆட்டோவில் யாருக்கும் புரியவில்லை. புத்தூரில் ஆட்டோக்காரர் இரக்கப்பட்டு ஒரு கிரீம் பன் வாங்கி வந்து நீட்டினார்.

"வேணாம் அண்ணா."

"கொழந்தம்மா. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல."

"துன்னாம இருக்குறதுதான் அதுக்கு நல்லது."

"நீ ஒரு தாயாடி?" என்றாள் சுகன்யாவின் அம்மா. எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை.

சுகன்யா அந்தப் பன்னை மடியில் வைத்துக்கொண்டு நல்ல கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் நான் "மெதுவா, மெதுவா" என்றேன். ஆட்டோக்காரர் திரும்பி, "பன்னும் குடுக்க வுடமாட்ட, வண்டியும் ஓட்ட வுடமாட்ட" என்றார்.

அன்று மாலைக்குள் விழியைத் தைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் தாமதமாகியிருந்தால், கிருமி உள்ளே இறங்கியிருந்தால், தைப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார்கள். தாய்ப்பால் விட்டதைப் பற்றிச் சுகன்யாவின் அம்மாவிடம் நான் ஒரு வார்த்தையும் கோபமாகப் பேசவில்லை. "விட்டதை மறைக்காம சொன்னது நல்லதாப் போச்சு அக்கா, டாக்டருக்கு அது தெரியணும்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு, அதற்கு முன்னால் விளக்கெண்ணெயும் கொஞ்சம் விட்டதாகச் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து அந்தக் கண்ணுக்குக் கண்ணாடி போட்டோம். எழுத்துப் பலகையில் மேலிருந்து ஐந்தாவது வரி வரைக்கும் படித்தாள். ஆறாவது வரியை ஊகித்துச் சொன்னாள். நான் ஐந்து என்றே எழுதினேன்.

அடுத்த கோடை வருவதற்குள் நான் ஒன்று தீர்மானித்திருந்தேன். சாக்கைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. கூத்து ஆடுகிற குழு, ஜமா என்பார்கள், குடிபாலா என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து வரும். அதில் கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறவர், அதாவது மேடையில் எல்லாரையும் கேலி பேசி ஊரைச் சிரிக்க வைப்பவர், மற்ற நாளில் கட்டட மேஸ்திரி. கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பகல் சாப்பாடு முடித்துப் படுத்திருந்தவரைப் போய் எழுப்பினேன். வில் விளையாட்டு வேண்டாம் என்று மேடையில் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். "பாரதத்துல சண்டை வேணாம்னு சொல்ல வந்த ரெண்டாவது ஆளு நீதாம்மா. மொத ஆளு கிருஷ்ணரு. அவுரால ஆவல."

"அப்போ இன்னாதான் பண்றது அண்ணா?"

"பசங்க ஏன் வில்லு எடுக்குறாங்க? அர்ச்சுனன் வேஷம் கட்டுற எங்க வாத்தியாரு வில்லு எடுத்தா கைத்தட்டு வுழுது. கைத்தட்டு எங்க வுழுதோ பசங்க அங்க போவாங்க. பீமனுக்கு வுழட்டும். கதாயுதத்துல கண்ணு போனதா நீ கேள்விப்பட்டிருக்கியா?"

"கட்டையில செஞ்சா மண்டை போகும்."

"துணியில செய்யி. நீதான படிச்சவ, எல்லாம் நானே சொல்லணுமா?"

மகளிர் சங்கத்துப் பெண்கள் பழைய புடவைகளைக் கிழித்து, உள்ளே கந்தைத் துணி அடைத்து, தலையணை மாதிரி கதாயுதங்கள் தைத்தார்கள். ஜிகினா ஒட்டினார்கள். சுகன்யாவின் அம்மா மட்டும் பதினோரு கதாயுதம் தைத்தாள். வில்லைக் கொடுத்தால்தான் கதாயுதம் என்று நான் சொல்லவில்லை. கேட்ட பிள்ளைக்கெல்லாம் கொடுத்தோம்.

அர்ச்சுனன் தபசு நடக்கிற நாள் காலையில் ஊரே கோயில் திடலில் இருக்கும். உயரமான பனைமரத் தூணில் அர்ச்சுனன் பாடிக்கொண்டே ஏறுவார். அதற்கு முன் கூட்டத்தை உட்கார வைப்பது கட்டியங்காரன் வேலை. அன்று அவர் ஒரு கண்ணில் பேப்பர் கப்பைக் கட்டிக்கொண்டு, தடுமாறித் தடுமாறி வந்தார். மத்தளக்காரர் கேட்டார்.

"கண்ணுல இன்னாடா?"

"அடி பட்டுது."

"யாருடா அடிச்சது?"

"அத்தக் கேக்காத. அத்தக் கேட்டா ஒளிஞ்சிக்குவேன். ஒளிஞ்சிக்கினா கண்ணு பூடும். எது பட்டுது, எப்போ பட்டுதுன்னு கேளு."

"சரி, எதுடா பட்டுது, எப்போடா பட்டுது?"

"குச்சி பட்டா கப்பால மூடு, சுண்ணாம்பு பட்டா கொழாய்க்கு ஓடு" என்று அவர் ஒரு சுற்று ஆடினார். சுண்ணாம்பைப் பற்றியும் நான் அவரிடம் சொல்லியிருந்தேன். வெற்றிலைக்குப் போடுகிற அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பாக்கெட்டை அழுத்தினால் பீய்ச்சிக்கொண்டு கண்ணில் அடிக்கும். அது நிமிஷத்துக்கு நிமிஷம் விழியைத் தின்னும். குச்சிக்குத் தண்ணீர் ஆகாது, சுண்ணாம்புக்குத் தண்ணீரைத் தவிர வேறு வழி இல்லை. வகுப்பில் உங்களுக்கு இதை அரை நாள் சொல்லித் தருவோம். அவர் ஒரு வரிப் பாட்டிலேயே முடித்துவிட்டார். அன்று சாயங்காலம் தெருவெல்லாம் அந்தப் பாட்டுத்தான்.

பதினெட்டாம் நாள் திடலில் களிமண்ணால் பெரிய துரியோதனனைப் படுக்க வைத்திருந்தார்கள். சுற்றிலும் ஜிகினாக் கதாயுதங்களோடு பிள்ளைகள். சுகன்யா கண்ணாடியை ரப்பர் நாடாவால் தலையோடு கட்டியிருந்தாள்.

"இந்த வருசம் நான் பீமன்," என்றாள்.

"துரியோதனன் யாரு?"

"ஒத்தரும் வர மாட்டேங்குறாங்க. தொடையில அடிச்சிடுவேன்னு பயப்படுறாங்க."

வில் ஒழிந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. அந்த வருடமும் சில பிள்ளைகள் கையில் பார்த்தேன். ஆனால் தெருவிலேயே, எல்லார் கண்ணுக்கும் முன்னால் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்து ஓடவில்லை. "முள்ளக் கழட்டிட்டு நுனியில துணி சுத்து, வைக்கோல் போரைப் பார்த்து விடு" என்று சொல்ல முடிந்தது. சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பிறகு ஐப்பசி மழையில் ஒரு நாள் மையத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். பத்து வயது இருக்கும். இடுப்பில் தம்பி. இரண்டு பேரும் தலையிலிருந்து கால் வரைக்கும் நனைந்திருந்தார்கள். மழையில் நனைந்தார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னால் அவர்களுடைய அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன் அவள் சொல்லிவிட்டாள். "சுண்ணாம்பு. இப்போதான். நைனாவுக்கு வெத்தல மடிச்சிக்கினு இருந்தேன், பாக்கெட்டு வெடிச்சி இவன் கண்ணுல அடிச்சிடுச்சி. போர்க் கெணத்துல மோட்டார் போட்டுக் கழுவினேன். நூறு நூறா பத்து வாட்டி எண்ணினேன். இவன் கத்தினான், வுடல."

அவனைப் படுக்க வைத்து இன்னும் அரை மணி நேரம் கழுவினேன். இமையைத் திருப்பி உள்ளே ஒட்டியிருந்த துணுக்குகளை எடுத்தேன். விழி கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. போர்க்கிணற்றடியில் அந்த ஆயிரம் எண்ணாமல் நேராக என்னிடம் ஓடி வந்திருந்தால், நான் எவ்வளவு கழுவியும் பிரயோஜனம் இருந்திருக்காது. அன்றே திருப்பதிக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் அந்தக் கண் பழையபடி ஆகிவிட்டது.

அப்பா ஆட்டோ கூப்பிடப் போயிருந்த நேரத்தில் அந்தப் பெண் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாருன்னு நீ கேக்க மாட்ட இல்ல?"

"மாட்டேன்."

"நானே சொல்றேன். பாக்கெட்ட அழுத்தினது நானு." பாவாடையைப் பிழிந்தாள். தரையெல்லாம் தண்ணீர். "அந்த அம்பும் நானு. சுகன்யா கண்ணுல."

ஒன்றரை வருஷம் ஒரு சின்னப் பெண் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினேன்.

"சுகன்யாகிட்ட சொல்லிடாத," என்றாள் துண்டுக்குள்ளிருந்து.

"அவளுக்குத்தான் தெரியுமே."

"அது தெரியும். நான் உன்கிட்ட சொன்னது தெரியக் கூடாது. அவ யார்கிட்டயும் சொல்லலன்னு ரொம்பப் பெருமையா சுத்திக்கினு இருக்கா."

இன்றுவரை நான் சொல்லவில்லை. சுகன்யா இப்போதும் கண்ணாடி மாற்ற வரும்போதெல்லாம், "அர்ச்சுனன் யாருன்னு இன்னும் உனக்குத் தெரியாது இல்ல?" என்று கேட்பாள். தெரியாது என்பேன். அவள் மூக்குக் கண்ணாடியைத் தள்ளி விட்டுக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அடுத்த மாதம் என் நாற்காலியில் உட்காரப் போகிறவரிடமும் அவள் அதைக் கேட்பாள். தயவு செய்து தெரியாது என்றே சொல்லுங்கள்.